சூடானால் மக்கர்!

காலையில் சாவியைத் திருப்பியதும் சமர்த்தாகக் கிளம்புகிறது. அரை மணி ஓட்டி, நிறுத்தி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி திருப்பினால் 'கிர்ர்... கிர்ர்...' என்று முனகல்தான். ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால், கறுப்பாக ஒரு புகையைக் கக்கிவிட்டு எழுந்திருக்கும். பின்னால் நிற்கிற ஸ்கூட்டர்காரர் நம் பரம்பரையையே விசாரிப்பார்.

கோயமுத்தூரில் என் நண்பனின் பழைய டர்போ காருக்கு இதுதான் வியாதி. (கம்பெனி பெயர் வேண்டாமே!) வாங்கிய காரை அவன் சும்மா விடவில்லை. கம்ப்யூட்டரில் மேப் மாற்றி, டர்போவின் அழுத்தத்தை ஏற்றி, கியர் மாற்றும்போது 'புஸ்ஸ்' என்று காற்றை வெளியே விடுகிற வால்வும் மாட்டியிருந்தான். கேட்க ஜோர்தான். ஆனால் வீட்டில் இருப்பது அந்த ஒரே கார். மனைவிக்கு ஏழாவது மாதம். ஹோப் காலேஜ் சிக்னலில் வண்டி அணைந்துபோய், இரண்டு பச்சை விளக்குகளை உட்கார்ந்தபடியே தரிசித்த அன்று அவர் சொல்லிவிட்டார்: "பிரசவத்துக்கு நான் ஆட்டோலயே போயிக்கறேனுங்க."

பெட்ரோல் அதிகமாகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு கிலோ பெட்ரோல் ஒழுங்காக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். இங்கே பெட்ரோல் கூடிப் போய் பிளக் எல்லாம் அடுப்புக்கரி. ஏன் கூடுகிறது என்பதில்தான் ஆளுக்கொரு ஜோசியம்.

முதல் மெக்கானிக் புது பிளக் போட்டார். நாலு நாளில் அதுவும் கறுத்தது. அடுத்தவர் டெம்பரேச்சர் சென்சாரை மாற்றினார். நியாயமான சந்தேகம்தான், அது கெட்டால், இன்ஜின் இன்னும் ஜில்லென்று இருப்பதாக நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலை ஊற்றும். ஆனால் கழற்றுமுன் ஒரு மீட்டர் வைத்துப் பார்த்திருக்கலாம். மூன்றாமவர் 'புஸ்ஸ்' வால்வைக் கைகாட்டினார். அவர் கெட்டிக்காரர். உள்ளே வரும் காற்றை சென்சார் முதலிலேயே அளந்து, அதற்கேற்ற பெட்ரோல் கணக்கு போட்டாகிவிட்டது. அளந்த காற்றை நாம் தெருவில் விட்டால்? சாப்பிட வந்தவர் பாதியில் எழுந்துபோன பந்தி மாதிரி, பெட்ரோல் மட்டும் மிச்சம். காற்றைத் திரும்ப உள்ளேயே விட்டதும், கியர் மாற்றும்போது வந்த திணறல் போயிற்று. சூட்டில் கிளம்பாத நோய் போகவில்லை.

நாலாமவர் மேப்பையே மாற்றணும் என்று ஒரு தொகை சொன்னார். மாடிஃபை பண்ணின கார் என்றாலே பழி முழுக்க மாடிஃபிகேஷன் மேல் போடுவது சௌகரியம்!

சிங்காநல்லூரில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவரிடம் அழைத்துப் போனேன். அவர் லேப்டாப்பைத் தேடவில்லை. ஆயில் குச்சியை உருவி முகர்ந்தார்.

"ஏனுங் தம்பி, ஆயில் ஊத்துனீங்களா?"

"இல்லீங்களே."

"அப்பறம் எப்படிப் பெருகுது?"

எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலந்திருந்தது. நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற டர்போவின் தண்டு, அந்த ஆயில் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. நண்பனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

பெரியவர் அடுத்து, பெட்ரோல் பிரஷர் ரெகுலேட்டரிலிருந்து இன்டேக்குக்குப் போகும் சின்ன ரப்பர் குழாயைப் பிடுங்கினார். அதில் காற்று மட்டும்தான் இருக்க வேண்டும். சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல்! உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்திருந்தது. ஓடும்போது இன்ஜினே அந்த வழியாகப் பெட்ரோலை உறிஞ்சிக் குடித்திருக்கிறது. நிறுத்தினால், மிச்ச அழுத்தத்தில் கசிந்து, சூட்டில் ஆவியாகி, இன்டேக் முழுக்க நிரம்பிவிடும். தீப்பிடிக்கக் காற்று போதாது. முழுக்க மிதித்தால் காற்று புகுந்து கிளம்பும். காலையில் ஏன் சமர்த்து? குளிர்ந்த இன்ஜினுக்கு எப்படியும் பெட்ரோல் கூடுதலாக வேண்டும். இரண்டு நோய்க்கும் ஒரே சவ்வு!

"சூடான வண்டியில பெட்ரோல் ஒழுகுறது நல்லதில்லைங்க. நீங்க புண்ணியவான்," என்றார்.

புது ரெகுலேட்டர், புது ஆயில். மறுநாள் மதியம் அவிநாசி ரோட்டில் ஒரு மணி நேரம் ஓட்டி, வேண்டுமென்றே நிறுத்தி, கால்மணி கழித்துச் சாவியைத் திருப்பினோம். பட்டென்று எழுந்தது. புகை இல்லை. அவன் மனைவி ஆஸ்பத்திரி செக்கப்புக்கு அதிலேயே போய் வருகிறார்.

அவனுக்கு மட்டும் ஒரு குறை. "அந்தப் புஸ்ஸு இல்லாம ஓட்டறது உப்பில்லாத சாப்பாடு மாதிரி இருக்குடா" என்று போனில் புலம்புகிறான்.