தீவின் எப்பகுதிக்குச் செல்வது?

இலங்கை பரப்பளவில் சிறிய நாடு. 65,610 சதுரக் கிலோமீட்டர். நம் மலேசியாவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. ஆயினும் ஒரு வார விடுமுறையில் அதனை முழுமையாகக் கண்டுவிட இயலாது. மலைப்பாதைகளில் வண்டி மெல்லத்தான் ஊரும். 2023ஆம் ஆண்டு அக்டோபரில், மலேசியர் உள்ளிட்ட ஏழு நாட்டாருக்கு இலங்கை அரசு விசாக் கட்டணத்தை நீக்கியது. டிசம்பர் விடுமுறைக்கு அங்கே செல்வதென எங்கள் வீட்டில் முடிவாயிற்று. எப்பகுதிக்கு என்பதில்தான் ஆளுக்கொரு திசையானோம்.

இளையவனுக்குக் கடல் வேண்டும். தெற்கே காலி, மிரிசை என்று அடுக்கினான். மூத்த மகள் யாழ்ப்பாணம் என்றாள். 1981இல் எரிக்கப்பட்ட நூலகம் மீண்டும் எழுந்து நிற்பதைக் காண வேண்டும், நல்லூர்க் கந்தனைத் தொழ வேண்டும் என்பது அவள் ஆவல். நல்ல ஆவல்தான். அக்காலத்தில் மலாயா இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் பணிபுரிய வந்தோருள் யாழ்ப்பாணத்தார் பலராதலின், அவ்வூர் நமக்கு அந்நியமன்று.

ஆனால் அத்தீவில் பயணத்தைத் தீர்மானிப்பது காற்று. மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலும் தெற்கிலும் மழையைக் கொட்டும். நடுவிலுள்ள மலைகள் அதனைத் தடுத்துவிடுவதால், அம்மாதங்களில் கிழக்குக் கரை வறண்டிருக்கும். டிசம்பரிலோ வடகிழக்குக் காற்றின் முறை. வடக்கும் கிழக்கும் நனையும். கிளந்தான், திரங்கானு வாசிகளுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை! ஆகவே யாழ்ப்பாணத்தை ஒத்திவைத்தோம். ஏதேனும் ஓர் ஆண்டு ஆகஸ்டில், நல்லூர்த் திருவிழாவுக்கே போகலாம் என்று மகளைத் தேற்றினோம்.

அப்பொழுதுதான் பாட்டி, “பதுளைக்குப் போகலாமா?” என்றார்.

பதுளை மலைநாட்டில் இருக்கிறது. “தேயிலையைப் பார்க்கக் கேமரன் மலை போதாதா?” என்றான் இளையவன். நியாயமான கேள்விதான். பாட்டிக்கு அப்பொழுது வயது 82. முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். அவருடைய தந்தையார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் வந்திறங்கினார். தந்தையாரின் தம்பி இலங்கையின் தேயிலைத் தோட்டத்திற்குப் போனார். அண்ணனும் தம்பியும் பின்னர் ஒருவரையொருவர் காணவேயில்லை, கடிதம் மட்டுமே. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் எழுத்துக் கற்ற பாட்டிதான் அக்கடிதங்களைத் தந்தைக்குப் படித்துக் காட்டுவாராம். கவ்வாத்து வெட்டுவதாகச் சித்தப்பா எழுதியிருந்தாராம். தேயிலைச் செடியைக் கத்தரித்துவிடும் வேலைக்கு அங்கே அப்பெயர். 1964க்குப் பிறகு கடிதம் வரவில்லை. தோட்டத்தின் பெயரும் மறந்துபோயிற்று. பதுளை என்ற ஒரு சொல்லே எஞ்சியது.

அந்த 1964ஆம் ஆண்டைக் குறித்துப் பிள்ளைகள் அறிந்திருக்கவில்லை, சொன்னோம். காப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து சென்ற நம்மவர், தலைமன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியிலேயே மாண்டோர் பலர். காப்பி நோயால் அழிந்தபின் தேயிலையைத் தழைக்கச் செய்ததும் அவர்கள் உழைப்புத்தான். எனினும் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனக் கணக்கிட்டுப் பிரித்தார்கள். எஞ்சியோர் சிக்கலுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. சிவப்பு அடையாளக் கார்டின் துயரை அறிந்த நம் தோட்டத்தாருக்கு இவ்வலி புரியும்.

“அப்படியென்றால் அவர்கள் இந்தியாவுக்கே அனுப்பப்பட்டிருக்கலாமே! பதுளையில் யாரைத் தேடுவது?” என்றாள் மகள்.

“தேடச் சொல்லவில்லையம்மா. அவர் கவ்வாத்து வெட்டிய மலையைப் பார்த்தால் போதும்,” என்றார் பாட்டி.

அத்துடன் பேச்சு முடிந்திருக்கும். ஆனால் மகள் நிலப்படத்தை விரித்து மற்றொன்றைச் சுட்டினாள். பதுளை, மலைகளின் கிழக்குச் சரிவில் இருக்கிறது. டிசம்பரில் அங்கும் மழைதான். மழையைக் காரணம் காட்டி யாழ்ப்பாணத்தை விலக்கிவிட்டு, மழை பெய்யும் பதுளைக்குப் போவது என்ன நீதி? எங்களிடம் விடையில்லை. சற்றுநேரம் பாட்டியையே பார்த்திருந்துவிட்டு, “நல்லூர் எங்கேயும் போய்விடாது,” என்று அவளே சொன்னாள்.

கொழும்பிலிருந்து கண்டி, கண்டியிலிருந்து இரயிலில் நானுஓயா, அங்கிருந்து பதுளை என வழி வகுத்தோம். திரும்புகையில் மிரிசையில் இரண்டு நாள் என்றதும் இளையவனும் இசைந்தான். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருப்பதால் பாட்டிக்குக் கம்பளிச் சட்டை ஒன்று வாங்கினோம். குடைகள் ஐந்து, அவற்றை மகளே எடுத்து வைத்தாள்.