ஈரமும் எடையும்

(மூன்றாம் ஆண்டு, இளநிலை இயற்பியல் மாணவி)

விறகுக் கடைக்காரர் மகள் என்று சொல்லிக்கொள்ள முதலாண்டில் நான் வெட்கப்பட்டதுண்டு. வகுப்பில் தோழியர் ஒவ்வொருவரும் தம் தந்தையரின் தொழிலைச் சொல்லி வந்தபோது, என் முறை வந்ததும் "வியாபாரம்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டேன். என்ன வியாபாரம் என்று யாரும் கேட்கவில்லை, நல்ல வேளை! இன்று அதே கடையைப் பற்றி நம் கல்லூரி மலரில் எழுதத் துணிந்திருக்கிறேன். இந்தத் துணிவை எனக்குத் தந்தது உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு சிறு கருவி. அதன் பெயர் ஈரப்பதமானி.

எரிவாயு வந்துவிட்ட இக்காலத்தில் விறகை யார் வாங்குகிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். பல வீடுகளின் அடுப்பிலிருந்து விறகு விடைபெற்றுவிட்டது உண்மைதான். ஆனால் திருமண மண்டபத்துச் சமையற்கட்டிலும், செங்கல் சூளையிலும், தேநீர்க் கடையிலும், தெருவோர இட்லிக் கடையிலும் அதன் ஆட்சி இன்னும் முடியவில்லை. எங்கள் கடலூர்ப் பக்கத்தில் சவுக்கும் முந்திரியும்தான் விறகுக் கடையின் மூலதனம். 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கரையைக் கடந்தபோது இப்பகுதியின் முந்திரித் தோப்புகள் சாய்ந்து போயின. நான் அப்போது சிறுமி. சாய்ந்த மரங்கள் வண்டி வண்டியாக எங்கள் கடைக்கு முன் குவிந்ததும், "எல்லாம் பச்சை மரம், எல்லாம் பச்சை மரம்" என்று முணுமுணுத்தபடியே அப்பா எடைபோட்டு வாங்கியதும் நினைவில் இருக்கின்றன. பச்சை மரத்தை எடைபோட்டு வாங்குவது என்றால் தண்ணீரையும் சேர்த்து விலைக்கு வாங்குவது என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் விளங்கியது.

சென்ற ஆண்டு எங்கள் துறையின் கண்காட்சிக்கு ஆளுக்கொரு சிறு ஆய்வு செய்ய வேண்டும் என்றார் பேராசிரியர். "வீட்டைச் சுற்றி என்ன இருக்கிறதோ, அதிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்" என்பது அவருடைய கட்டளை. என் வீட்டைச் சுற்றி விறகைத் தவிர வேறு என்ன இருக்கிறது! தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அலமாரியைத் திறந்து ஈரப்பதமானியை எடுத்து என் கையில் வைத்தார்.

அதன் தலையில் ஊசிபோல் இரண்டு எஃகு முனைகள். உள்ளே ஒரு மின்கலம். முகப்பில் எண் காட்டும் சிறு திரை. இரு முனைகளையும் மரத்தில் அழுத்தினால், அவற்றுக்கு இடையே மரம் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதை அளந்து, அதை ஈரத்தின் விழுக்காடாக மாற்றிக் காட்டும். நன்றாக உலர்ந்த மரம் கிட்டத்தட்ட ஒரு மின்காப்புப் பொருள். 7 விழுக்காடு ஈரத்தில் அதன் தடை ஆயிரக்கணக்கான மெகா ஓம். 25 விழுக்காட்டில் அது ஒரு மெகா ஓம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. இவ்வளவு பெரிய வேறுபாடு இருப்பதால்தான் இவ்வளவு சிறிய கருவியால் அதை அளக்க முடிகிறது.

கருவியுடன் பெருமிதமாகக் கடைக்குள் நுழைந்தேன். ஒரு முந்திரிக் கட்டையின் மேல் அழுத்தினேன். 17 என்று காட்டியது. 20-க்குக் கீழே இருந்தால் எரிக்க ஏற்றது என்று படித்திருந்தேன். இங்கிலாந்தில் சிறு அளவில் விற்கும் விறகின் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று 2021 மே முதல் சட்டமே இருக்கிறது.

"அப்பா, இது காய்ந்த கட்டை" என்றேன்.

அப்பா அதைக் கையில் எடுத்தார். இன்னொரு கட்டையால் அதைத் தட்டி, காதருகே வைத்துக் கேட்டார். "இல்லம்மா. காஞ்ச கட்டை 'டங்'குன்னு பேசும். இது 'தொப்'புங்குது. பொளந்து பாரு" என்றார். கோடரியால் ஒரே போடு. பிளந்த முகத்தில் முனைகளை அழுத்தினேன். 29! வெளிப்புறம் வெயிலில் காய்ந்திருக்கிறது. உள்ளே ஈரம் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. விறகைப் பிளந்து புது முகத்தில்தான் அளக்க வேண்டும் என்பது கருவியோடு வந்த குறிப்பேட்டிலேயே இருந்தது. நான்தான் படிக்கவில்லை. நாற்பது ஆண்டுகளாக அப்பாவின் காது செய்துவந்த வேலையைக் கருவி அன்றுதான் கற்றுக்கொண்டது என்று சொல்ல வேண்டும்.

இரண்டாவது பாடம் ஒரு சுவரிடம் கிடைத்தது. எதிர்வீட்டு மாமா வெள்ளையடிக்கும் முன் சுவரில் ஓதம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். அழுத்தினேன். திரையில் காட்டக்கூடிய மிகப் பெரிய எண் வந்து நின்றது. "சுவர் முழுக்கத் தண்ணீர்" என்று தீர்ப்பு வழங்கினேன். கொத்தனார் ஒப்பவில்லை. ஒன்றரை அடிச் சதுரப் பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களிலும் காற்றுப் புகாமல் ஒட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் பிரித்தால் தாளின் உட்புறம் ஒரு துளி நீர் இல்லை! சுவரில் இருந்தது உப்பு. நீரைப்போல் உப்பும் மின்சாரத்துக்கு வழிவிடும். கருவி அளப்பது மின்தடையை மட்டுமே. அந்தத் தடை எதனால் குறைந்தது என்று அதற்குத் தெரியாது. அதன் எண்கள் மரத்துக்காக வகுக்கப்பட்டவை. செங்கல்லிலும் பூச்சிலும் ஓரிடத்தை இன்னோரிடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாமே தவிர, எண்ணை அப்படியே நம்பக்கூடாது. மாமாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

மூன்றாவது பாடம்தான் இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

எங்கள் தெருமுனையில் ஓர் ஆயா இட்லிக் கடை வைத்திருக்கிறார். விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டுவார். விறகு எங்கள் கடையில்தான். கார்த்திகை மாதத்து மழைநாள் ஒன்றில் காலையில் இட்லி வாங்கப் போனேன். கடை முழுதும் புகை. கட்டைகளின் முனையில் நுரை தள்ளி 'உஸ்' என்று சீறிக்கொண்டிருந்தது. ஆயா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊதுகுழலை எடுத்தார். இருமல் வந்து ஊத முடியவில்லை.

"என்ன ஆயா, இவ்வளவு புகை?"

"மழைக்காலம் இல்ல கண்ணு. உங்கப்பாவும் என்ன பண்ணுவாரு" என்றார். அந்தச் சொல் என்னைச் சுட்டது. குறை சொல்லியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அவருடைய குவியலிலிருந்து ஒரு கட்டையை எடுத்துப் பிளந்து அளந்தேன். 38 என்றது கருவி. ஆனால் 30-க்கு மேல் அதன் சொல்லை நம்ப முடியாது. மரத்தில் நீர் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, இழைகளின் சுவருக்குள் ஊறிப் பிணைந்திருக்கும் நீர். மற்றொன்று, இழைகளின் குழிவுகளில் தேங்கியிருக்கும் நீர். ஏறத்தாழ 28 முதல் 30 விழுக்காடு வரை சுவர்கள் நிறையும். அதற்குமேல் வருவது குழிவில் தேங்கும். குழிவு நீர் கூடினாலும் மின்தடை அதிகம் மாறுவதில்லை. ஆகவே உண்மையை அறியச் சில சிராய்களைக் கல்லூரிக்கு எடுத்துச் சென்றேன். எடை 60 கிராம். உலைப்பெட்டியில் 103 டிகிரியில் வைத்து, இனி எடை குறையவில்லை என்னும் வரை உலர்த்தினேன். மீந்தது 41 கிராம். போன நீர் 19 கிராம்.

மரத்தொழிலில் ஈரத்தை உலர்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிடுவது மரபு. அப்படிப் பார்த்தால் 19-ஐ 41-ஆல் வகுக்க, 46 விழுக்காடு. ஆனால் ஆயா பணம் கொடுத்தது ஈர எடைக்கு. அவர் கணக்கில் 60-இல் 19, அதாவது ஏறத்தாழ 32 விழுக்காடு தண்ணீர். 100 கிலோ என்று நாங்கள் நிறுத்துப் போட்டதில் மரம் 68 கிலோதான்!

நீரை ஆவியாக்கவே வெப்பமெல்லாம் செலவாகிறது என்று நான் எண்ணியிருந்தேன். கணக்கிட்டுப் பார்த்தால், அந்த 32 கிலோ நீரை ஆவியாக்க 82 மெகாஜூல் அளவு போதும். 68 கிலோ உலர்ந்த மரம் தருவதோ 1,200 மெகாஜூலுக்கு மேல். ஏழு விழுக்காடுகூட இல்லை. அப்படியானால் பெரிய இழப்பு எங்கே? முதலாவது எங்கள் தராசில். இரண்டாவது புகையில். நீர் வெளியேறும்போது அடுப்பின் சூடு தணிகிறது. தணிந்த அடுப்பில் மரத்தின் வாயுக்கள் முழுதும் எரியாமல் புகையாகப் போகின்றன. எரிந்திருந்தால் இட்லிப் பானைக்குச் சேர்ந்திருக்க வேண்டியது, ஆயாவின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் சேருகிறது.

அன்றிரவு அந்தக் கணக்குத் தாளை அப்பாவின் முன் வைத்தேன். அவர் நெடுநேரம் பேசவில்லை.

"நான் வாங்கும்போதே பச்சையாத்தானம்மா எடைபோட்டு வாங்குறேன். காயவெச்சா எடை குறையுது. குறைஞ்சதுக்கு யார் பணம் குடுப்பா? ஆறு மாசம் அடுக்கி வெச்சா பணம் முடங்கும். அந்த வட்டியை யார் கட்டுவா? உன் ஃபீஸ்..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆயாவிடம் விற்ற தண்ணீரை அவரும் காசு கொடுத்தே வாங்கியிருக்கிறார். நான் படிக்கும் புத்தகத்திலும் அந்தத் தண்ணீரின் பங்கு இருக்கிறது. குற்றம் சாட்டப் போனவள், கூட்டுக் குற்றவாளியாகத் திரும்பி வந்தேன்.

மறுநாள் அப்பாவே கேட்டார்: "நூறு கிலோ காஞ்சா எவ்வளவும்மா நிக்கும்?" 16 விழுக்காடு வரை காய்ந்தால் 79 கிலோ நிற்கும் என்று கணக்குச் சொன்னேன். அப்படியானால் காய்ந்த விறகின் கிலோ விலை நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல் உயர்ந்தால், வாங்குபவருக்கு மரத்தின் விலை மாறவில்லை. விற்பவருக்கு நீரால் நட்டமும் இல்லை. வட்டி ஒன்றுதான் மிச்சம்.

மாசி மாதத்தில் இரண்டு டன் விறகை மட்டும் பிளந்து தனியாக அடுக்கினோம். அதற்கு மேல் பணத்தை முடக்க அப்பாவால் இயலவில்லை. தரையிலிருந்து அரை அடி உயரத்தில் குறுக்குக் கட்டைகள். மேலே மட்டும் தகரம். நான்கு பக்கமும் காற்றுக்குத் திறப்பு. மாதம் ஒருமுறை ஐந்து கட்டைகளைப் பிளந்து அளந்தேன். சித்திரையில் 26, ஆனியில் 19, ஆவணியில் 16. ஒவ்வொரு முறையும் அப்பா முதலில் தட்டிக் கேட்டு ஓர் எண்ணைச் சொல்வார். பிறகே நான் கருவியை அழுத்துவேன். ஆனி மாதத்திலிருந்து எங்கள் இருவருக்கும் இடையே இரண்டு எண்ணுக்கு மேல் வேறுபாடு வரவில்லை.

மழைக்காலம் வந்ததும் கடையில் இரண்டு விலை வைத்தார். "ஒரே மரத்துக்கு ரெண்டு விலையா?" என்று சிலர் சண்டைக்கு வந்தனர். சிலர் அடுத்த கடைக்குப் போய்விட்டனர். மண்டபத்துச் சமையற்காரர்கள் மட்டும், பிளந்து காட்டியதும் பேசாமல் வாங்கிப்போனார்கள். பச்சை விறகை அப்பா இப்போதும் விற்கிறார். ஆனால் "இது பச்சை" என்று சொல்லி, ஈரத்துக்குக் கழிவு போட்டுத்தான் விற்கிறார். இதனால் இலாபம் பெருகியது என்று எழுதினால் அது பொய். நட்டமில்லை என்பதே எங்களுக்குக் கிடைத்த வெற்றி.

இந்தக் கார்த்திகையில் ஒரு காலை ஆயா கடைக்குப் போனேன். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. அடுப்பு நின்று எரிந்தது.

"இந்தத் தடவை விறகு சீறாம எரியுது கண்ணு" என்றார் ஆயா. ஊதுகுழல் சுவரோரம் சாத்தியிருந்தது.

ஈரப்பதமானியைத் துறை அலமாரியில் திருப்பி வைத்துவிட்டேன். அடுத்த ஆண்டு வேறொருவர் அதை எடுப்பார். அவரிடம் நான் சொல்ல விரும்புவது இதுதான்: கட்டையைப் பிளந்து அளந்து பாருங்கள், எண் வந்தபிறகு, அந்த எண்ணால் யாருக்கு என்ன ஆகிறது என்றும் பாருங்கள்.

சென்ற வாரம் முதுநிலைப் படிப்புக்கு ஒரு விண்ணப்பம் நிரப்பினேன். தந்தையின் தொழில் என்ற இடத்தில் இம்முறை முழுதாகவே எழுதினேன்: விறகு வியாபாரம்.