மரமுகமூடி: மெய்யும் போலியும்

சந்தையில் ஒரு பொருளின் விலையைக் கேட்க நம்மவர் தயங்குவதில்லை. அதைச் செய்தவர் யாரென்று கேட்பவரோ மிகச் சிலர். வாளிக்கும் துடைப்பத்திற்கும் அக்கேள்வி வேண்டாமலிருக்கலாம். ஆனால் ஒரு மக்களினத்தின் பெயரைச் சொல்லி விற்கப்படும் பொருளுக்கு அதுவே முதற்கேள்வியாதல் வேண்டும். இந்நாட்டின் பூர்வகுடிகளாகிய ஒராங் அஸ்லி மக்களின் பெயரால் விற்கப்படும் மரமுகமூடிகளைப் பற்றி இங்கே சிறிது எழுத விரும்புகிறோம்.

நாம் வாழ்வது லகாட்டில். ஈப்போவுக்கு அணித்தே உள்ள இச்சிற்றூரும், கிந்தாப் பள்ளத்தாக்கின் பிற ஊர்களைப் போலவே, ஈயத்தாலும் ரப்பராலும் வாழ்ந்தது. 1985-ஆம் ஆண்டு ஈயத்தின் விலை வீழ்ந்தபின் சுரங்கங்கள் ஓய்ந்தன. ரப்பர்த் தோட்டங்கள் பலவும் செம்பனைக்கும் வீடுகளுக்கும் இடங்கொடுத்தன. ஈப்போவின் பழைய நகரம் இன்று சுற்றுலாப் பயணிகளையும் நம்பி வாழ்கிறது. பயணிகள் வருமிடத்தில் நினைவுப்பொருட் கடைகளும் தோன்றுதல் இயல்பே.

அத்தகைய கடையொன்றில் ஒன்பது முகமூடிகள் சுவரில் வரிசையாகத் தொங்கக் கண்டோம். “பேராக் காட்டு ஒராங் அஸ்லி நூறாண்டுக்கு முன் செதுக்கியவை, ஐயா” என்றார் கடைக்காரர். எந்த இனத்தார், எந்தக் கம்பத்தார் என்று வினவினோம். “காட்டுக்காரர்தாமே, அவர்களுக்குள் என்ன பிரிவு?” என்று விடை வந்தது. ஒன்பதுக்கும் ஒரே அளவு, ஒரே பல்வரிசை. இடக்கன்னத்தில் ஒரே சில்லுங்கூடப் பெயர்ந்திருந்தது! நூறாண்டுக் காலம் ஒன்பது முகங்களையும் ஒரே இடத்தில் காயப்படுத்தியது என்று நம்புவதற்கு நமக்கு மனம் வரவில்லை.

அவ்விடையை ஆராய்வோம். ஒராங் அஸ்லி என்பது ஓரினத்தின் பெயரன்று. தீபகற்ப மலேசியாவிலுள்ள 18 பூர்வகுடியினங்களுக்குரிய பொதுப்பெயர். பேராக்கில் பெரிதும் வாழ்வோர் செமாய், தெமியார் என்னும் இனத்தார். இவர்களுடைய கைத்திறன் ஊதுகுழாயிலும் மூங்கில் வேலையிலும் ஓலைப் பின்னலிலும் விளங்குவது. மரச்செதுக்கலுக்குப் பெயர்பெற்றோர் இருவர்: சிலாங்கூரில் கேரித்தீவிலும் அதை அடுத்தும் வாழும் மா மெரி இனத்தாரும், பகாங்கின் குவாலா கிராவ் வட்டாரத்து ஜா ஹுட் இனத்தாரும் ஆவர். ஆகவே, ‘பேராக் காட்டு முகமூடி’ என்ற சொல் செவியில் விழும்போதே ஐயம் எழவேண்டும்.

அடுத்தது பழமை. பலர் ஏமாறுவது இங்கேதான். பழையதே மெய், புதியது போலி என்று எண்ணுவது தவறு. இவ்விடத்தில் உண்மை பெரும்பாலும் அதற்கு மாறானது. ஜா ஹுட் மக்கள் நோயுண்டாக்கும் ஆவிகளைப் ‘பேஸ்’ என்பர். நோய் தீர்க்கும் சடங்கிற்காக அவ்வாவியின் உருவைச் செய்து, நோயை அதில் ஏற்றி, காட்டில் எறிந்துவிடுதல் அவர் வழக்கம். எறிவதற்கென்றே செய்த உரு நூறாண்டு நிற்பது எங்ஙனம்? மழையும் கறையானும் மிகுந்த இந்நாட்டில் மென்மரம் நெடுநாள் நில்லாது. விற்பனைக்காகக் கடினமரத்தில் செதுக்குவது பெரும்பாலும் 1960-களிலிருந்து வளர்ந்த தொழில். சென்ற மாதம் ஒரு மா மெரிக் கலைஞர் விற்பதற்கென்றே செதுக்கிய முகமூடி முழுமையும் மெய்யானது. தேயிலைச் சாயத்திலும் புகையிலும் பழமையேற்றி வேற்றுநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வந்திறங்குவதே போலி. கடைக்காரர் வயதைப் பெருமையாகச் சொல்லச் சொல்ல, வாங்குவோர் தம் பணப்பையை இறுக்கிக்கொள்வது நலம்.

இனி, கண்ணாலும் கையாலும் அறியக்கூடிய சில அடையாளங்களைக் கூறுவோம். மா மெரிக் கலைஞர் பெரிதும் விரும்பும் மரம் ‘ஞீரே பத்து’ என்பது. கண்டற்காட்டில் வளர்வது, கனமானது, செம்மை கலந்தது, நாளாக நாளாகத் தானே கருமை கொள்வது. ஆடுவோர் அணியும் முகமூடிக்குப் ‘பூலாய்’ என்னும் இலேசான மரமும் ஆகும். எனவே எடையை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூறுதல் கூடாது. முகமூடியைத் திருப்பிப் பின்புறத்தைப் பாருங்கள். முன்புறத்து மரவரி விளிம்பைக் கடந்து பின்னும் தொடர்தல் வேண்டும். உளியின் சுவடுகள் ஒன்றற்கொன்று சிறிதேனும் வேறுபட்டிருத்தல் வேண்டும். பிசினை அச்சில் வார்த்த போலியில் வரி மேற்பூச்சாகவே நிற்கும். சிறு காற்றுக்குமிழ்களும், அச்சின் இருபாதிகள் கூடிய கோடும் காணப்படும். மா மெரியாரின் செதுக்கல்களில் புகழ்பெற்றது ‘மோயாங் ஹரிமாவ் பெரந்தாய்’ என்னும் சங்கிலிப் புலி. அதன் சங்கிலிக் கண்ணிகள் ஒரே மரக்கட்டையிற் குடைந்தெடுக்கப்படுவன. கண்ணியில் ஒட்டோ வெட்டோ தெரியின் ஐயுறுக.

இத்தனையும் சொன்னபின் ஒன்று கூறாவிடின் குறையாகும். மரமும் உளிச்சுவடும் போலி செய்வோனாலும் கற்றுக்கொள்ளத் தக்கவையே. இன்றைய குறிகளை நாளை அவனும் செதுக்குவான். அவன் செதுக்க முடியாதது பெயர். மா மெரி முகமூடி ஒவ்வொன்றும் ஏதேனுமொரு ‘மோயாங்’ எனப்படும் முன்னோர் ஆவியின் முகம். அதற்கொரு பெயரும் கதையும் உண்டு. ஹரி மோயாங் என்னும் நாளில் அம்மக்கள் முன்னோரை வணங்கி, முகமூடியணிந்து ஆடுகின்றனர். ஆகவே கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று: இது எந்த மோயாங்? செதுக்கியவர் யார்? அவர் எந்தக் கம்பத்தார்? நேர்மையான வணிகர் மூன்றுக்கும் விடை கூறுவார். அறியாதது ஒன்றிருப்பின் கேட்டுச் சொல்வதாகவாவது கூறுவார். கேள்வியையே இகழ்பவரிடம் வாங்குதல் ஆகாது.

போலியால் யாருக்கு என்ன கேடு என்று கேட்பாரும் உளர். ஆஸ்திரேலியாவில் நடந்ததைக் காண்க. பிருபி ஆர்ட் என்னும் நிறுவனம் இந்தோனேசியாவில் செய்த பூமராங் முதலியவற்றை அந்நாட்டுப் பூர்வகுடிகள் செய்தவை போலத் தோன்றுமாறு, 2015 ஜூலை முதல் 2017 நவம்பர் வரை 18,000-க்கு மேல் விற்றது. 2019-இல் நீதிமன்றம் 23 லட்சம் ஆஸ்திரேலிய வெள்ளி தண்டம் விதித்தது. அதற்குள் அந்நிறுவனம் கலைப்பில் இருந்தது. அமெரிக்காவில் 1990 முதல் இதற்கெனத் தனிச்சட்டம் உண்டு. நம் நாட்டிலும் பொய் விவரஞ் சொல்லி விற்பதை 2011-ஆம் ஆண்டின் வணிக விவரிப்புச் சட்டம் குற்றமாக்குகிறது. எனினும் சட்டம் வருமுன் பணம் போய்விடுகிறது. பல நாள் உழைத்து ஒரு முகத்தைச் செதுக்குபவர், ஒரு மணியில் அச்சில் வார்த்ததோடு விலையிற் போட்டியிட வேண்டியிருக்கிறது. கண்டற்காடு குறைந்து ஞீரே பத்து அரிதாகிவரும் நாளில், விலையும் குறைந்தால் அவர் மகன் உளியை ஏன் எடுப்பான்?

இத்துன்பம் தமிழருக்குப் புதிதன்று. சுவாமிமலையில் மெழுகில் உருச்செய்து, மண் கருவிற் பொதிந்து, உலோகம் வார்த்தபின் கருவை உடைத்துவிடுகின்றனர். அதனால் ஒரு படிமம் போல் மற்றொன்று இராது. அதன் பெயரால் அச்சுப்பதுமைகள் விற்கப்படுமானால் நாம் வெகுளமாட்டோமா? அவ்வெகுளியில் ஒரு பங்கேனும் அயலாருக்காக எழவேண்டாமா?

அயலார் என்றும் அவரைச் சொல்லலாகாது. கேரித்தீவுத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளரும் மா மெரி மக்களும் தலைமுறை தலைமுறையாக அண்டைவீட்டாராக வாழ்ந்துள்ளனர். ஆயினும் பூர்வகுடிகளைச் ‘சக்காய்’ என்று அழைக்கும் வழக்கம் நம் தோட்டங்களில் நெடுநாள் இருந்தது. அடிமைப்பொருள் தொனிக்கும் இழிசொல் அது. ‘கிளிங்’ என்று பிறர் அழைத்தால் மனம் புண்படும் சமுதாயத்தின் வாயில் இச்சொல் இனியும் வழங்குதல் தகுமோ? செதுக்கியவனை இழித்துவிட்டுச் செதுக்கியதைக் கூடத்தில் தொங்கவிடுவது கலையன்பாகாது. அவர்களுக்குள் என்ன பிரிவு என்று கேட்ட கடைக்காரரின் அறியாமையும் இவ்விழிவின் மிச்சமே.

ஆகவே நேயர்களுக்கு நாம் கூறுவது இது. தைப்பிங்கில் 1883-இல் நிறுவப்பட்ட பேராக் அருங்காட்சியகத்தில் ஒராங் அஸ்லி மக்களின் பொருள்களை முதலில் கண்ணாரக் காணுங்கள். முகமூடி வேண்டுமெனில் இயன்றவரை கேரித்தீவின் சுங்கை பும்புன் கம்பத்திற்கே செல்லுங்கள். செதுக்கியவர் சொல்லும் விலையைப் பேரம் பேசிக் குறைக்காதீர்கள். மோயாங்கின் பெயர், செதுக்கியவர் பெயர், கம்பத்தின் பெயர் மூன்றையும் கேட்டறிந்து, ஒரு தாளில் எழுதி, முகமூடியின் பின்புறத்தில் ஒட்டிவையுங்கள். நாளை உங்கள் பிள்ளைகள் அதைத் திருப்பிப் பார்க்கும்போது ஒரு மனிதரின் பெயரைப் படிப்பார்கள்.