பிடிக்குள் இருக்கும் துரு

நண்பர் ஒருவர் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாள் ஒன்று வாங்கினார். 1945 செப்டம்பர் 12 அன்று சிங்கப்பூரில் சரணடைந்த ஜப்பானிய அதிகாரியின் வாள், நம்மூர்ச் சிப்பாய் கொண்டுவந்தது என்று சொல்லி 12,000 ரூபாய்க்குத் தலையில் கட்டியிருந்தார்கள். அவருடைய பென்ஷன் பணம். நிஜம்தானா என்று கேட்க, குரோம்பேட்டையில் கொல்லுப்பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் அழைத்துப் போனேன்.

பெரியவருக்குச் சொந்த ஊர் திருப்பாச்சேத்தி. அரிவாளுக்குப் பேர்போன ஊர். இங்கே வந்து முப்பது வருடமாகிறது. கட்டட வேலைக்காரர்களின் கடப்பாரைக்கு முனை தட்டுவதும் உளி அடிப்பதும்தான் பிழைப்பு. லாரிப் பட்டையை வெட்டி, எப்போதாவது ஓர் அரிவாள்.

அவர் அலகைப் பார்க்கவே இல்லை. “மொதல்ல பிடியக் கழட்டணும் தம்பி. வெளிய தெரியுறத யாரு வேணா பளபளன்னு ஆக்கலாம்” என்றார்.

ஜப்பானிய வாளில் பிடியையும் அலகையும் பிணைப்பது சின்ன மூங்கில் ஆணிதான். தட்டினால் கழன்றுவிடும். உள்ளே இருக்கும் காம்பின் துருவை அவர்கள் துடைப்பதே இல்லை. நூறு இருநூறு வருடத் துரு கருத்து இறுகித் தோல் மாதிரி ஒட்டியிருக்கும். கொல்லர் தம் பெயரை உளியால் வெட்டுவதும் அங்கேதான்.

நண்பரின் வாளில் ஆணி இல்லை, நட்டு இருந்தது. பெரியவர் ஸ்பேனர் போட்டுக் கழற்றினார். காம்பு முழுக்க ஒரே செம்பழுப்பு. விரலால் தேய்த்தார். செங்கல்பொடி போல ஒட்டிக்கொண்டு வந்தது. “ஆசிட் துரு. ஒரு வாரத்துல ஏத்துனது.”

அலகின் வாயோரம் ஓடிய அலைக்கோட்டை அடுத்துப் பார்த்தார். அசல் வாளில் முதுகுக்குத் தடிமனாகவும் வாய்க்கு மெல்லிசாகவும் களிமண் பூசி, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பார்கள். வாய் சட்டென்று குளிர்ந்து கெட்டிப்படும். முதுகு மெதுவாகக் குளிர்ந்து இளக்கமாக நிற்கும். இரண்டும் சந்திக்கும் இடம்தான் அந்தக் கோடு. “நம்ம அரிவாளுக்கும் அதே தோய்ச்சல்தான். வாய மட்டும் தண்ணியில காட்டணும். முழுசா முக்கினா எலும்புல பட்டதும் ஒடிஞ்சிரும்.” உப்புத்தாளால் நாலு தேய்ப்புத் தேய்த்தார். கோடு மறைந்தே போனது.

நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் இதே பல்லாவரத்தில் ஒரு கல்லை எடுத்து, அதில் செதுக்கிய கையின் தடத்தைக் கண்டுதான் கற்காலக் கருவி என்றார். பெரியவர் தேடியதும் அந்தக் கைத்தடத்தைத்தான். சிங்கப்பூர்க் கதை மெய்யாகவே இருந்தாலும் அது பழம்வாள் என்று ஆகிவிடாது. அந்தப் போருக்காக ஜப்பான் ஆலைகளில் மொத்தம் மொத்தமாக வாள் செய்தது.

“இதே வேலைக்கு என்கிட்டயும் வந்தாங்க” என்றார் திடீரென்று. ஒரு மூட்டைப் புது வாள். ஆசிட்டில் முக்கி, மண்ணில் புதைத்து எடுத்துத் தர வாளுக்கு 60 ரூபாய். “மக கல்யாணம் தம்பி அப்ப. செஞ்சேன். அதுக்கப்புறம் வந்தவன வாசலோட அனுப்பிட்டேன்.” சொல்லிவிட்டு உலையைக் கிளறினார்.

எனக்கு வயிறு எரிந்தது. பொய்க்கு 12,000, உழைப்புக்கு 60. நடுவில் நின்றவன் ஒரு நாளாவது சம்மட்டி பிடித்திருப்பானா? ஜப்பானில் ஐந்து வருடம் குருவிடம் பயின்று, உரிமம் பெற்றவர்தான் வாள் அடிக்கலாம். அதிலும் மாதத்துக்கு இரண்டு நீள வாளுக்கு மேல் கூடாது. புதிய வாளுக்கும் அங்கே கொல்லர் பெயராலேயே மதிப்பு. நம் கொல்லருக்கோ பெயரும் இல்லை, கூலியும் இல்லை. ஒரு நாள் முழுக்க அடித்த அரிவாளுக்குப் பேரம் பேசுகிற நாம்தான், பழசு என்று சொன்னால் கேள்வி கேட்காமல் பணத்தை எண்ணிக் கொடுக்கிறோம். அந்த ஆசையில்தான் தரகர் பிழைக்கிறார்.

நண்பர் வாளைத் திரும்ப எடுக்க மனமில்லாமல் நின்றார். பெரியவர் அதைச் சாணையில் லேசாகக் காட்டினார். பொறி பூப்பூவாகச் சிதறியது.

“இரும்பு மேல குத்தமில்ல தம்பி. நல்ல இரும்பு. நாலு உளி வரும்.”