பெயர் வைக்குமுன்

கிள்ளானில் கொம்யூட்டர் ரயிலேறி கே.எல். சென்ட்ரலில் இறங்கும்போதெல்லாம் ஒரு நிமிடம் நின்று பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் பார்ப்பேன். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். நாங்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸ் இப்போது இல்லை. பார்த்துவிட்டு நடையைக் கட்டுவேன். ஓய்வு பெற்ற பிறகும் நான் விடாமல் போகிற கூட்டம் ஒன்று உண்டென்றால் அது நோயியல் மருத்துவர்களின் ஆண்டுக் கூட்டம்தான். அதிலும் நான் காத்திருப்பது ஒரே ஓர் அமர்வுக்காக: கே. பிரதாப் நினைவுச் சொற்பொழிவு.

பேராசிரியர் பிரதாப் மலாயாப் பல்கலைக்கழக நோயியல் துறையில் கற்பித்தவர். நான் அவரிடம் படித்தவனல்ல. அவர் வழியில் வந்தவர்களிடம் படித்தவன். ஆசிரியரின் ஆசிரியருக்கு நடக்கும் நினைவுக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பது தாத்தாவின் திதிக்குப் போய் வருவது மாதிரி. முகம் நினைவில் இல்லை, ஆனால் கைப்பழக்கம் அவருடையது.

எங்கள் வேலையை நோயாளி பார்ப்பதில்லை. அறுவை அறையில் வெட்டியெடுத்த துணுக்கு ஃபார்மலினில் மிதந்துகொண்டு எங்களிடம் வரும். அதிலுள்ள நீரை ஆல்கஹாலால் நீக்கி, உருகிய பாரஃபின் மெழுகில் ஊறவிட்டு, சின்னக் கட்டியாக வார்ப்பார்கள். அதற்கு 'பிளாக்' என்று பெயர். மைக்ரோடோமில் அதை 3, 4 மைக்ரான் கனத்துக்குச் சீவுவார்கள். தலைமுடியின் கனத்தில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. சீவியதை வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்தியெடுத்து, இரண்டு சாயம் ஏற்றுவார்கள். செல்லின் உட்கரு நீலமாகும், மற்றவை இளஞ்சிவப்பின் பல சாயல்களில் நிற்கும். இத்தனையும் லேப் டெக்னாலஜிஸ்டுகளின் கைவேலை. நல்ல கை சீவிய தகட்டில் ஒரு மடிப்பு இருக்காது. அந்தக் கைகளுக்கு எந்த ஊரிலும் நினைவுச் சொற்பொழிவு நடந்து நான் பார்த்ததில்லை, நடக்க வேண்டும்.

அந்தத் தகட்டைப் பார்த்து நான் எழுதும் நாலு வரியை வைத்துத்தான் ஒருவருக்குக் கத்தியா, கதிர்வீச்சா, வெறும் மாத்திரையா என்பது முடிவாகும். ஆகவே எங்கள் தொழிலில் கற்றுக்கொடுப்பது என்றால் பார்க்கக் கற்றுக்கொடுப்பதுதான். அதற்கென்று இரட்டைத் தலை மைக்ரோஸ்கோப் இருக்கிறது. ஆசிரியர் ஒரு பக்கம், மாணவர் மறுபக்கம். இருவர் கண்ணுக்கும் ஒரே இடம் தெரியும். தகட்டை நகர்த்தும் திருகு மட்டும் ஆசிரியர் கையில் இருக்கும்.

பயிற்சியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. காப்பார் பக்கத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு தமிழரின் கழுத்து நெறிக்கட்டி. படிவத்தில் 'டி.பி.?' என்று எழுதியிருந்தது. தகட்டை வைத்ததும் காசநோயில் வருவதுபோலவே செல்கள் வட்டம் வட்டமாகக் கூடிய முடிச்சுகள், கிரானுலோமாக்கள், கண்ணில் பட்டன. "டி.பி.தான் டாக்டர்" என்றேன். ரிப்போர்ட்டும் எழுதி வைத்திருந்தேன். என் ஆசிரியர் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "தம்பி, பெயரைச் சொல்லாதீங்க. என்ன தெரியுதுன்னு சொல்லுங்க." சொல்லத் தொடங்கினேன். முடிச்சுகளைச் சொன்னேன். "முடிச்சுக்கும் முடிச்சுக்கும் நடுவுல?" அங்கே நான் பார்க்கவே இல்லை. பெரிய, வெளிறிய உட்கருவும் அதற்குள் கண்ணில் அடிக்கும் உட்கருமணியுமாக நாலைந்து செல்கள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. மூக்குத்தொண்டைப் புற்றுநோய் நெறிக்கட்டிக்குப் பரவியிருந்தது. அந்தப் புற்றுநோய் இப்படிக் கிரானுலோமாக்களைக் கிளப்பிவிட்டு அவற்றின் நடுவே ஒளிந்துகொள்ளும் என்பது பாடப்புத்தகத்தில் உள்ள செய்திதான். நானும் படித்திருந்தேன். ஆனால் இந்த நாட்டில் அது சீனர்களிடமும் சரவாக்கின் பிடாயூ மக்களிடமும் மிகுதி, இந்தியர்களிடம் அரிது என்பதையும் சேர்த்துப் படித்திருந்தேன். நோயாளியின் பெயரைப் பார்த்த உடனேயே என் கண் பாதி மூடிவிட்டது.

ரிப்போர்ட் இன்னும் வெளியே போகவில்லை. போயிருந்தால் அந்த மனிதர் மாதக்கணக்கில் காசநோய் மாத்திரையை விழுங்கிக்கொண்டு இருந்திருப்பார், கட்டி வளர்ந்துகொண்டே இருந்திருக்கும். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இன்றைக்கும் கழுத்துக் கட்டி என்றால் முடிச்சுகளின் நடுவில்தான் முதலில் பார்ப்பேன்.

பெயரைப் பின்னால் வை, பார்த்ததை முன்னால் வை. இந்தப் பழக்கத்தின் வேர் எங்கே என்று பிற்காலத்தில் பிரதாப்பின் கட்டுரைகளைத் தேடிப் படித்தபோது எனக்குப் புரிந்தது. நம் காட்டோரத்தில் திரியும் நீண்டவால் குரங்கின் மகாதமனியில் இயல்பாகவே என்ன மாற்றம் வருகிறது என்று பார்த்து 1973-இல் எழுதினார். அதே குரங்குக்கு உணவை மாற்றினால் தமனியில் என்ன படிகிறது என்று 1975-இல் எழுதினார். இடையில், 1974-இல், மாண்ட்கோமரி என்பவருடன் சேர்ந்து ஒராங் அஸ்லி பழங்குடி மக்களின் தமனித் தடிப்பைப் பற்றி எழுதினார். மாரடைப்பைப் பற்றி உலகம் மேலை நாட்டு உடல்களை வைத்துப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. இவர் இங்கே, இந்த மண்ணில், இந்த உடல்களில் என்ன தெரிகிறது என்று கேட்டிருக்கிறார். எனக்கு அவர் மேல் மதிப்பு வந்தது அந்தக் கேள்வியால்தான்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டுரை 1984-இல் வந்தது. பிரதாப், லூயி லாய் மெங், காது மூக்கு தொண்டை மருத்துவர் யு. பிரசாத் மூவரும் எழுதியது. மூக்குத்தொண்டைப் புற்றுநோய்க்குள்ளேயே அமிலாய்டு என்ற பொருள் படிவதைப் பற்றியது. அமிலாய்டு சாதாரணச் சாயத்தில் வெறும் இளஞ்சிவப்புத் திட்டாகத் தெரியும். தழும்பு என்று எண்ணிக் கடந்துபோவது எளிது. சந்தேகம் வந்தால் காங்கோ ரெட் சாயம் ஏற்றி, போலரைசரைத் திருப்பிப் பார்க்க வேண்டும். இருட்டில் ஆப்பிள் பச்சை மின்னும். முதல்முறை பார்த்தபோது எனக்கு மூச்சு நின்றது. பெயரைப் பற்றிப் பேசுவதால் இதையும் சொல்ல வேண்டும்: 1854-இல் ஜெர்மன் நோயியல் மேதை ஃபிர்க்கோ இதற்கு அயோடின் ஊற்றிப் பார்த்து, மாவுப்பொருள் போல நிறம் மாறுவதைக் கண்டு, மாவு என்ற பொருள் வரும்படி அமிலாய்டு என்று பெயர் வைத்தார். ஐந்தாண்டு கழித்து அது மாவே அல்ல, புரதம் என்று தெரிந்தது. பெயர் மட்டும் போகவில்லை. அவ்வளவு பெரிய மேதைக்கே அப்படி.

லூயி லாய் மெங் பிறகு அமிலாய்டையே தம் ஆய்வுக் களமாக எடுத்துக்கொண்டார். இதயத்தின் மேலறையில் மட்டும் படியும் வகையைப் பற்றி 1993-இல் எழுதினார். ஓர் ஆசிரியர் தொடங்கிய பார்வையை மாணவர் முன்னே கொண்டுபோவது இதுதான். வேறு நினைவுச்சின்னம் எதற்கு என்றுகூடத் தோன்றும்.

பிரதாப்புக்கு முன்பும் இந்த மரபு இருந்தது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவின் முதல் டீன் டி. ஜே. தனராஜ்; லெம்பா பந்தாயில் உள்ள மருத்துவ நூலகம் அவர் பெயரில்தான் இருக்கிறது. அவர் உள்நோய் மருத்துவர். இரவெல்லாம் இருமல், இழுப்பு, இரத்தத்தில் ஈயோசினோஃபில் அணுக்கள் ஏராளம்: ஆஸ்துமா என்றோ காசநோய் என்றோ பெயரிட்டு அனுப்பப்பட்ட இப்படிப்பட்ட நோயாளிகளை, அதிலும் பெரும்பாலும் நம் மக்களை, அவர் பொறுமையாகப் பார்த்தார். யானைக்கால் புழுவுக்குக் கொடுக்கும் மருந்து இதற்குக் கேட்கிறது என்று 1958-இல் எழுதினார். 1960-இல் வேலூர் மருத்துவர்கள் அந்தப் புழுவின் குஞ்சுகளைத் திசுவில் காட்டினார்கள். 1966-இல் தனராஜும் சிங்கப்பூர் நோயியல் பேராசிரியர் சண்முகரத்தினமும் வேறு இருவரும் சேர்ந்து அந்த நோயின் காரணத்தையும் திசு மாற்றங்களையும் விரிவாக எழுதினார்கள். படுக்கையருகே நின்றவரும் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்தவரும் ஒரே கட்டுரையில். இந்த வகைக் கூட்டு இப்போது குறைந்துவிட்டது என்பது என் வருத்தம்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு நினைவுச் சொற்பொழிவுகளைக் கேட்கப் போகிறேன். எத்தனையோ ஆசிரியர்களின் பெயரில் எத்தனையோ சொற்பொழிவுகளைக் கேட்டாயிற்று. சிலவற்றில் முதல் திரையில் கறுப்பு வெள்ளைப் படம், ஐந்து நிமிடம் புகழுரை, பிறகு பேச்சாளரின் சொந்த ஆய்வு வரிசை. மறைந்தவர் அந்தப் படத்தோடு வெளியே போய்விடுகிறார். கைதட்டுகிறேன், மனம் ஒட்டுவதில்லை. வேறு சிலர், தங்களுக்கு விடை தெரியாத ஒரு தகட்டைத் திரையில் போட்டு, "இதை நான் இன்னும் புரிந்துகொள்ளவில்லை" என்று தொடங்குவார்கள். அரங்கமே நிமிர்ந்து உட்காரும். அப்போது அந்த ஆசிரியர் அங்கே இருக்கிறார் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

என் ஆசிரியர் காலமான பிறகு, பழைய மாணவர்கள் சேர்ந்து நடத்திய சிறு கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். இரண்டு வாரம் எழுதினேன். அவர் அன்பு, எளிமை, காலந்தவறாமை, எல்லாம் உண்மைதான். படித்துப் பார்த்தால் அது எந்த நல்ல மனிதருக்கும் பொருந்தும் உரை. கிழித்துப் போட்டேன். பிறகு போதனைக்காக எடுத்துவைத்த பிளாக்குகளைத் தேடச் சொன்னேன். அந்தக் கழுத்து நெறிக்கட்டியின் பிளாக் அங்கே இருந்தது. மெழுகு கொஞ்சம் மஞ்சளித்திருந்தது, எண் தெளிவாக இருந்தது. டெக்னாலஜிஸ்ட் தங்கச்சி அதைப் பனிக்கட்டியில் வைத்துக் குளிரூட்டி, புதுத்தகடு சீவிக் கொடுத்தார். இத்தனை வருடத்துக்குப் பிறகும் சாயம் நேற்று ஏற்றியதுபோல ஏறியது.

கூட்ட நாளன்று அரங்குக்கு வெளியே, தேநீர் மேசைக்குப் பக்கத்தில், இரட்டைத் தலை மைக்ரோஸ்கோப்பை வைத்தேன். பேச்சு தொடங்க இன்னும் அரைமணி நேரம். முதலில் வந்தவர் பயிற்சியில் சேர்ந்து சில மாதமே ஆன ஓர் இளம் பெண் மருத்துவர். உட்கார்ந்து கண்ணை வைத்தார். படிவத்தில் இருந்ததை மட்டும் சொன்னேன்: தோட்டத் தொழிலாளி, தமிழர், கழுத்துக் கட்டி, டி.பி. சந்தேகம்.

"டி.பி...." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். தலையை நிமிர்த்தாமலே, "இல்ல டாக்டர், முதல்ல தெரியிறதச் சொல்றேன்" என்றார்.

திருகிலிருந்து என் கையை எடுத்து, மைக்ரோஸ்கோப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.