நவம்பர் 11: பதிவேட்டில் ஒரு வரி

நவம்பர் பிறந்தால் எங்கள் புதுச்சேரியில் மூன்று நாட்கள் அடுத்தடுத்து வரும். 1ஆம் தேதி விடுதலை நாள். 2ஆம் தேதி கல்லறைத் திருநாள். 11ஆம் தேதி கடற்கரைச் சாலையில் இருக்கும் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்தில் மலர் வளையம் வைப்பார்கள். முதல் இரண்டும் ஊருக்கே தெரியும். மூன்றாவதைப் பற்றிக் கேட்டால், "பிரெஞ்சுக்காரன் ஜெயித்த நாள்" என்று பலர் சொல்லிவிடுவார்கள். சிலர் அதை ஜூலை 14உடன் சேர்த்துக் குழப்பிக்கொள்வார்கள்.

இரண்டும் வேறு வேறு. ஜூலை 14 பிரான்சின் தேசிய நாள். விளக்கு, வாத்தியம், வாணவேடிக்கை எல்லாம் உண்டு. நவம்பர் 11 அப்படி அல்ல. அதன் பெயரே 'ஆர்மிஸ்திஸ்', அதாவது போர் நிறுத்தம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு அது முதலில் ஒரு விடுமுறை நாள், அவ்வளவுதான். அதன் பொருள் எனக்கு விளங்கியது பாடப் புத்தகத்தில் அல்ல, ஒரு பழைய காகிதத்தில். அதைப் பிறகு சொல்கிறேன்.

1918 நவம்பர் 11 விடியற்காலை ஐந்து மணிக்குச் சற்றுப் பின், கொம்பியேன் காட்டில் நின்ற ஒரு ரயில் பெட்டியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரெஞ்சுத் தரப்பில் மார்ஷல் ஃபோஷ் இருந்தார். ஆனால் துப்பாக்கிகள் ஓய வேண்டிய நேரம் காலை 11 மணி என்று குறித்திருந்தார்கள். நடுவில் ஏறக்குறைய ஆறு மணி நேரம். அந்த ஆறு மணி நேரத்திலும் மனிதர்கள் செத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் ஒகுஸ்தென் த்ரெபுஷோன். லோசேர் பகுதியில் ஆடு மேய்த்தவர். நான்கு ஆண்டுப் போரையும் தாண்டி உயிரோடு இருந்தவர். செய்தி கொண்டு ஓடுவது அவர் வேலை. 11 மணிக்குச் சில நிமிடங்களே இருக்கும்போது மேஸ் ஆற்றின் கரையில் குண்டு பட்டு விழுந்தார். அப்போது அவர் கையில் இருந்த செய்தி என்ன தெரியுமா? பதினொன்றரைக்கு எல்லோரும் சாப்பாட்டுக்குக் கூடவும் என்பதுதான்.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. அவருடைய கல்லறையில் இறந்த தேதி நவம்பர் 10 என்று பொறித்திருக்கிறது. போர் முடிந்த நாளிலே ஒருவன் செத்தான் என்று எழுத மேலிடத்துக்கு மனம் வரவில்லை என்பார்கள். முப்பது வருடத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் பதிவேடு எழுதியவன் நான். ஒரு தேதி மாறினால் ஒரு குடும்பத்துக்கு என்னென்ன மாறும் என்று எனக்குத் தெரியும். செத்த மனிதனுக்கு மிஞ்சுவது அந்த ஒரு வரிதான். அதிலும் ஒரு நாளைத் திருத்திவிட்டார்கள்.

இப்போது அந்தக் காகிதத்துக்கு வருகிறேன். பிரான்சில் 1915 ஜூலை 2ஆம் தேதி ஒரு சட்டம் வந்தது. போரில் இறந்தவரின் இறப்புப் பதிவில் 'மோர் பூர் லா ஃபிரான்ஸ்', அதாவது 'பிரான்சுக்காக இறந்தவர்', என்று குறிக்க வேண்டும் என்றது அது. 1917இல் இன்னொரு சட்டம் வந்தது. போரில் தகப்பனை இழந்த பிள்ளைகளைத் தேசத்தின் பிள்ளைகளாக ஏற்றுக்கொள்ள அது வழிசெய்தது.

நான் பள்ளியில் படிக்கும்போது எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இருந்தார். அவர் கணவர் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் இன்றும் அப்படித்தான் சொல்வோம். இந்தோசீனாவுக்குப் போனவர் திரும்பவில்லை. எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்பதால் பெரியம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து காகிதங்களை எடுத்துப் படிக்கச் சொல்வார். ஒருநாள் அந்த வரியைப் படித்து, "பிரான்சுக்காக இறந்தார்னு போட்டிருக்கு பெரியம்மா" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: "பிரான்சை அவரு கண்ணால கூடப் பார்த்ததில்லையே தம்பி. மூணு பொம்பளைப் புள்ளைங்களைக் கரையேத்தணும்னுதானே கப்பல் ஏறினாரு."

கோபமாகச் சொல்லவில்லை. காகிதத்தைப் பத்திரமாக மடித்துப் பெட்டியில் வைத்தார். அந்த வரியால்தான் ஓய்வூதியம் வந்தது, பெண்கள் மூவரும் படித்தார்கள், கல்யாணமும் நடந்தது. அதனால் அந்த வரி பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது முழுமையும் அல்ல. அவர் யாருக்காகப் போனார், எதை நினைத்துக்கொண்டு கப்பல் ஏறினார் என்பதெல்லாம் பதிவேட்டில் ஏறாது.

நவம்பர் 11 எதற்கு என்று கேட்டால் என் பதில் இதுதான்: பதிவேட்டில் ஏறாததை நினைத்துப் பார்ப்பதற்கு. வெற்றியைக் கொண்டாட வேறு நாட்கள் இருக்கின்றன. இந்த நாளில் செய்வது ஒரு நிமிடம் வாய் மூடி நிற்பதுதான். அந்த ஒரு நிமிடத்தில் கொடிக்கு வேலையில்லை. ஆடு மேய்த்தவனும், மூன்று பெண்களைப் பெற்றவனும் மனத்தில் வந்து நின்றால் போதும்.

கடற்கரையில் நான்கு வெள்ளைத் தூண்களுக்கு நடுவே நிற்கிறானே ஒரு வெண்கலச் சிப்பாய், அந்த நினைவுச் சின்னம் 1938இல் திறக்கப்பட்டது. முதல் உலகப் போரில் மடிந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக எழுப்பியது. பிரான்சில் 1922 முதல் நவம்பர் 11 அரசு விடுமுறை. 2012இல் வந்த சட்டம், அந்த ஒரு போருக்கு மட்டும் என்றிருந்ததை மாற்றி, பிரான்சுக்காக உயிர் விட்ட எல்லோருக்குமான நாள் என்று ஆக்கியது. எங்கள் பெரியம்மாவின் கணவருக்கும் அதில் இடம் உண்டு. இந்தச் செய்தியைக் கேட்க அவர் இல்லை.

மாலையில் அந்தப் பக்கம் நடக்கப் போகிறவர்கள் படம் எடுத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு சொல்தாவின் பெட்டி இருந்தால், பெரியவர்கள் இருக்கும்போதே அதைத் திறந்து வைத்து, அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று கேட்டு எழுதி வையுங்கள். தேதியைச் சரியாக எழுதுங்கள்.