கண்ணில் படாத களைப்பு

பிள்ளைகளே, நான் குடியிருக்கும் பிரேசர் டவுன் ஒரு நோயால் உருவான பேட்டை. 1898-இல் பெங்களூரைப் பிளேக் உலுக்கியது. கண்டோன்மென்ட்டின் நெரிசலான தெருக்களிலிருந்து மக்களைக் காற்றோட்டமான இடத்துக்கு மாற்றத்தான் பின்னர் இதை அமைத்தார்கள். கண்ணெதிரே ஆட்கள் செத்ததால் ஊர் விழித்துக்கொண்டது. என் உடம்பில் இருக்கும் நோய் தொற்றாது, வெளியே தெரியவும் தெரியாது. அதைப் பிறர் நம்பும்படி சொல்வதிலேயே பாதி ஆயுள் போய்விட்டது.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று பெயர், எங்களுக்கு எம்.எஸ். மூளை, தண்டுவட நரம்புகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அரிக்கிறது. மேலுறை உரிந்த மின்கம்பிபோல நரம்பு தடுமாறுகிறது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தலைகாட்டும்; பெண்களையே அதிகம் பிடிக்கும்.

எனக்கு முதலில் ஒரு கண் மங்கியது. சில வாரங்களில் தெளிந்ததும், திருஷ்டி கழிந்தது என்றார்கள் வீட்டில். வந்து போவது இந்த நோயின் சுபாவம். போனதும் நாம் மறந்துவிடுகிறோம். பிறகு கால் மரத்தது, வேலைக்கு நடுவே உடம்பு துவண்டது. எம்.ஆர்.ஐ. பார்த்து மருத்துவர் பெயர் சொன்னபோது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. சோம்பேறி என்ற பட்டத்துக்கு நோயாளி என்ற பெயர் எவ்வளவோ மேல்.

ஒரு மாலை மாஸ்க் ரோட்டில் தள்ளாடி நடந்தேன். "பொம்பளை இந்த நேரத்துக்கே போட்டிருக்கா பார்" என்றது ஒரு குரல். எனக்குக் கோபம் வரவில்லை. அவன் அறிந்த தள்ளாட்டம் அது ஒன்றுதானே! காலையில் கோல்ஸ் பார்க்கைச் சுற்றிவருகிறவள் சித்திரை மதியத்தில் மாடிப்படி ஏற முடியவில்லை என்றால், நடிக்கிறாள் என்று சொந்தக்காரர்களே பேசினார்கள். சூடு ஏறினால் பார்வை மங்கும், கால் துவளும். உடம்பு குளிர்ந்தால் திரும்பிவிடும். ஊதாஃப் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1890-இலேயே இதை எழுதிவைத்துவிட்டார். எங்கள் உறவுக்குள் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

தாங்கிக்கொள்கிறவளை நம் வீடுகளில் மெச்சுவார்கள், நானும் மெச்சுகிறேன். ஆனால் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடுவதற்குப் பொறுமை என்று பெயர் சூட்டாதீர்கள். 1993-இல் அமெரிக்காவில் இன்டர்ஃபெரான் பீட்டாவுக்கு அனுமதி கிடைத்தது முதல், நோயின் தாக்குதல்களைக் குறைக்கும் மருந்துகள் பல வந்துவிட்டன. முற்றும் குணமாக்க அவற்றால் ஆகாது; சீக்கிரம் தொடங்கினால் மிஞ்சுவது அதிகம். நோயுற்றோருக்குத் துணையாக இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சொசைட்டி 1985 முதல் இயங்குகிறது. பெங்களூரிலும் கிளை உண்டு. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 குறைபாடுகளில் எம்.எஸ்.ஸும் ஒன்று.

அந்தச் சட்டப்படி மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்கச் சொல்லி, எம்.எஸ். உள்ள எங்கள் தெருப் பெண் ஒருத்தியின் அம்மாவிடம் பேசினேன். "வரன் பார்க்கிற நேரம், ஊருக்குத் தெரிஞ்சா?" என்றார். மறைத்து முடித்தால் முதல் களைப்பிலேயே சண்டை வரும் என்றேன். அவர் இன்னும் இசையவில்லை. பெண்ணின் கவலை வேறு. "மதியம் கொஞ்ச நேரம் படுக்க ஆபீஸ்ல இடம் கேட்கலாமா, ஆன்ட்டி?" என்றாள். கேள் என்றேன், வாயால் மட்டும் கேட்காமல், மருத்துவரின் கடிதத்தோடு எழுதிக் கேள் என்றேன்.